சவ்வுக்குள் புகும் உலோகம்: எரிபொருள் கலத்தில் அயனி மாசு பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

புரோட்டான் பரிமாற்றச் சவ்வைக் கொண்ட எரிபொருள் கலத்தின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் பிளாட்டினத்தையே மையமாக வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த விலையுயர்ந்த வினையூக்கி எவ்வளவு வேண்டியிருந்தது, அதன் அளவு படிப்படியாக எப்படிக் குறைந்தது என்பதே அவர்கள் சொல்லும் கதை. கலம் எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்பதோ பெரும்பாலும் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வைப் பொறுத்தது. அந்தச் சவ்வுக்கு வெளியிலிருந்து வரும் பகைகளில் இரும்பு, செம்பு, கால்சியம், அலுமினியம் முதலிய உலோகங்களின் அயனிகள் முன்வரிசையில் நிற்கின்றன. இவற்றைப் பற்றிய அறிவு 1950கள் தொடங்கி எவ்வாறு திரண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அயனி எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியிலேயே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நின்றார்கள். அது சவ்வுக்குள் எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது, அங்கே எந்த வினையில் ஈடுபடுகிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகே இந்தத் துறை உண்மையில் முன்னேறியது என்பது என் வாதம்.

ஜெமினி முதல் நாஃபியான் வரை

அயனிப் பரிமாற்றச் சவ்வை மின்பகுபொருளாக வைத்து எரிபொருள் கலம் செய்யலாம் என்ற எண்ணத்தை 1955இல் செயலில் காட்டியவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லார்ட் தாமஸ் கிரப். அதே நிறுவனத்தின் லியோனார்ட் நீட்ராக், சவ்வின் மீது பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியைக் கண்டார். பத்தாண்டுக்குள் இக்கலம் விண்வெளிக்குப் போனது. 1965 ஆகஸ்டில் கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் சென்ற ஜெமினி 5, எரிபொருள் கலத்தோடு பறந்த முதல் மனித விண்கலம்.

ஜெமினி கலத்தின் சவ்வு சல்ஃபோனிக் அமிலம் ஏற்றிய பாலிஸ்டைரீனால் ஆனது. கடின நீரை மென்னீராக்கும் கருவியில் இருக்கும் பிசின் மணிகளும் வேதியியல்படி இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு தன்னிடமுள்ள அயனியை விட்டுவிடுவது அந்தப் பிசினின் வேலை. மென்னீர்க் கருவியில் பயன் தருகிற இந்தக் குணமே எரிபொருள் கலத்தில் கேடாக முடிகிறது என்பதை மனத்தில் கொண்டால், இனி வரும் வரலாறு எளிதாக விளங்கும். புரோட்டானைக் கடத்துவதற்காகச் சவ்வில் வைத்த அமிலத் தொகுதி, அருகில் வரும் எந்த நேரயனிக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. இரட்டை அல்லது மும்மடி மின்னூட்டம் கொண்ட அயனியைப் புரோட்டானைவிட இறுக்கமாகவும் பிடித்துக்கொள்கிறது.

ஜெமினி காலத்தில் இது தலையாய சிக்கலாகப் படவில்லை. பயணம் அதிகம் போனால் பதினான்கு நாள். அதற்குள்ளேயே பாலிஸ்டைரீன் ஆக்சிஜனேற்றத்தால் சிதையத் தொடங்கியது. கலத்தில் உண்டான நீர் குடிக்க உகந்ததாக இல்லை. சவ்வு ஏன் சிதைகிறது என்பதை ஹாட்ஜ்டன், போயாக், லகோன்டி ஆகியோர் ஜெனரல் எலக்ட்ரிக்கின் 1966ஆம் ஆண்டு உள்ளறிக்கை ஒன்றில் ஆராய்ந்தார்கள். பாலிஸ்டைரீன் சங்கிலியிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புதான் பலவீனமான இடம் என்பது தெளிவாயிற்று. அந்தப் பிணைப்பே இல்லாத பாலிமர் ஒன்று கிடைத்தால் போதும் என்பது அன்றைய நம்பிக்கை.

அப்படிப்பட்ட பொருள் டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான். டெஃப்லான் போன்ற ஃபுளூரின்–கார்பன் முதுகெலும்பும், கிளையின் நுனியில் சல்ஃபோனிக் அமிலமும் கொண்டது அது. ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் திறனில் பாலிஸ்டைரீன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆயினும் அமிலத் தொகுதி அதே தொகுதிதான். உலோக அயனிக்கு அது இப்போதும் திறந்த வீடாகவே இருந்தது.

உப்பு ஆலைகள் முதலில் அறிந்தது

எரிபொருள் கல இலக்கியத்தில் அரிதாகவே நினைவுகூரப்படும் ஓர் உண்மையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாஃபியான் போன்ற சவ்வை உலோக அயனி எவ்வாறு கெடுக்கும் என்பதைத் தொழில் அளவில் முதலில் கற்றுக்கொண்டவர்கள், உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் எடுப்பவர்கள். மினமாட்டாவில் பாதரச நச்சால் நேர்ந்த துயரத்துக்குப் பின் பாதரச முறையைக் கைவிட வேண்டிய கட்டாயம் ஜப்பானுக்கு இருந்தது. ஆசாஹி கெமிக்கல் நிறுவனம் 1975இல் நோபியோக்காவில் சவ்வு முறை ஆலையை இயக்கத் தொடங்கியது.

அந்த ஆலைகளில் சோடியம் அயனி சவ்வைக் கடந்து மறுபுறம் போக வேண்டும். அதனோடு சேர்ந்து கால்சியமும் மக்னீசியமும் நுழைகின்றன. எதிர்ப்புறத்திலிருந்து வரும் ஹைட்ராக்சைடு அயனிகளைச் சவ்வின் உள்ளேயே சந்தித்து, கரையாத ஹைட்ராக்சைடாகப் படிகின்றன. படிவு வளர வளர மின்னழுத்தம் ஏறுகிறது, விளைச்சல் குறைகிறது, கடைசியில் சவ்வே கிழிகிறது. இதற்காகவே உப்புக் கரைசலைச் சாதாரணமாகச் சுத்திகரித்த பின்னும் சிறப்புப் பிசின் வழியே மறுபடி அனுப்பி, கால்சியம், மக்னீசிய அளவை நூறுகோடியில் சில பத்துப் பங்குக்குக் கொண்டுவரும் வழக்கம் நிலைபெற்றது.

எரிபொருள் கலம் அமிலச் சூழலில் இயங்குவதால் அங்கே ஹைட்ராக்சைடு படிவதில்லை. ஆனாலும் ஆலைகள் தந்த அடிப்படைப் பாடம் இங்கும் செல்லும்: சவ்வு ஒரு சேகரிப்பான். மிக நீர்த்த கரைசலில் இருக்கும் அயனியைக்கூட மாதக்கணக்கில் சேர்த்துச் சேர்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நீரின் மாசு அளவை மட்டும் பார்த்துச் சவ்வின் மாசு அளவை ஊகிப்பது தவறு. இந்தப் பாடம் எரிபொருள் கலத் துறைக்குள் முறையாக வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இடைவெளிக்கு என்ன காரணம் என்று பார்த்தால், இரு துறைகளும் ஒரே சவ்வை வாங்கியபோதும் ஒன்றின் ஏடுகளை மற்றது படிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஃபென்டனின் இரும்பு

உலோக அயனி சவ்வின் கடத்துதிறனைக் குறைப்பதோடு நிற்பதில்லை, சவ்வையே அரிக்கும் என்ற கருத்து தனி வழியில் வந்தது. அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஹென்றி ஃபென்டன், டார்டாரிக் அமிலத்தோடு ஃபெரஸ் உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்தபோது ஊதா நிறம் தோன்றுவதை 1876இல் குறிப்பிட்டார். 1894இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். பெராக்சைடு மட்டும் செய்யாததை, துளி இரும்பு சேர்ந்தவுடன் செய்துவிடுகிறது என்பதே அதன் சாரம். ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும் 1930களின் தொடக்கத்தில் இதற்கு விளக்கம் தந்தார்கள்: ஃபெரஸ் அயனி பெராக்சைடு மூலக்கூற்றைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. கரிமப் பொருள் எதுவானாலும் விட்டுவைக்காத மூர்க்கம் கொண்டது அந்தத் தனியுறுப்பு.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் லகோன்டி, ஃபிரகாலா, போயாக் மூவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பழைய வேதியியலைச் சவ்வுக்குக் கொண்டுவந்தது. ஆக்சிஜன் முனையிலிருந்து சிறிதளவு ஆக்சிஜன் சவ்வின் ஊடாகக் கசிந்து ஹைட்ரஜன் முனைக்குப் போகிறது. அங்குள்ள பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனோடு சேர்ந்து பெராக்சைடாகிறது. அது சவ்வுக்குள் பரவும்போது, ஏற்கெனவே அங்கே ஒட்டியிருக்கும் இரும்பு அல்லது செம்பு அயனி அதைத் தனியுறுப்பாக உடைக்கிறது. தனியுறுப்பு பாலிமரைத் தின்கிறது. மிகச் சுருக்கமான இந்த விளக்கம் அடுத்த முப்பது ஆண்டு ஆய்வுகளுக்கு வரைபடமாக அமைந்தது.

வெளியேறும் நீரில் ஃபுளூரைடு அயனி எவ்வளவு வருகிறது என்று அளந்தால் சவ்வு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று தெரிந்துவிடும். இந்த எளிய அளவை ஆய்வுக்கூடங்களின் பொது மொழியாயிற்று. அதனோடு ‘ஃபென்டன் சோதனை’யும் பரவியது. சவ்வுத் துண்டைப் பெராக்சைடிலும் பத்து லட்சத்தில் சில பங்கு இரும்பிலும் 80 பாகை செல்சியசில் ஊறவைத்து, எடை இழப்பையும் ஃபுளூரைடையும் அளப்பது அதன் முறை.

நாஃபியானில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இல்லையே, தனியுறுப்பு எங்கே பற்றுகிறது? இதற்கு நிறைவான விடை 2004இல் டூபாண்டின் கர்ட்டினும் உடனாளர்களும் எழுதிய கட்டுரையில் வந்தது. பாலிமர் தயாரிப்பின்போது சங்கிலியின் முனைகளில் ஒருசில கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் எஞ்சிவிடுகின்றன. தனியுறுப்பு அங்கே பிடிக்கிறது. ஒரு கார்பனை நீக்கியதும் அடுத்த முனை மறுபடி அதே அமிலமாகிறது. இப்படிச் சங்கிலி நுனியிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகிறது. முனைகளை ஃபுளூரினால் மூடிய சவ்வுகளில் ஃபுளூரைடு வெளியேற்றம் பெரிதும் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிளைகளிலும் தாக்குதல் நடக்கிறது.

காருக்கு வந்தபின்

விண்வெளியில் செலவு இரண்டாம் கேள்வி. கலத்தைச் சாலைக்குக் கொண்டுவர 1980களிலும் 90களிலும் கனடாவின் பல்லார்ட் நிறுவனமும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் பாடுபட்டபோது, விலைக்கணக்கு எல்லாவற்றையும் மாற்றியது. கிராஃபைட் தட்டுகளுக்குப் பதில் மெல்லிய துருப்பிடிக்கா எஃகு, அலுமினியக் குழாய்கள், மலிவான இணைப்புகள். சவ்வைத் தொடும் நீர் இவற்றையும் தொடுகிறது. அமிலத்தன்மை கொண்ட வெதுவெதுப்பான நீர் இரும்பையும் நிக்கலையும் குரோமியத்தையும் கரைத்து எடுத்துவருகிறது. கடலோரக் காற்றிலிருந்தும், பனியுருக்கச் சாலையில் தூவும் உப்பிலிருந்தும் சோடியமும் கால்சியமும் வருகின்றன. பிளாட்டினத்தோடு கோபால்ட் கலந்த வினையூக்கிகள் புகுந்தபின், மின்வாயே கோபால்ட் அயனியைக் கசியவிடும் ஊற்றாக மாறியது.

இத்தாலியைச் சேர்ந்த பொசியோவும் உடனாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். துருப்பிடிக்கா எஃகாலான முனைத்தட்டிலிருந்து வந்த இரும்பே நாஃபியான் சிதைவை விரைவுபடுத்தியது என்பதை அவர்கள் இயங்கும் கலத்தில், ஃபுளூரைடு அளவைக் கொண்டு காட்டினார்கள். அதுவரை பீக்கரில் மட்டும் பார்த்த ஃபென்டன் வேதியியல், கலத்தின் சொந்த உதிரிப்பாகத்திலிருந்தே தொடங்க முடியும் என்று புலப்பட்டது. டொயோட்டா 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் விலை கூடியபோதும் டைட்டானியத் தட்டுகளைத் தேர்ந்தெடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் சவ்வும் மெலிந்துகொண்டே வந்தது. 1980களில் பரவலாக இருந்த நாஃபியான் 117 சுமார் 175 மைக்ரான் தடிமன் கொண்டது. பின்னர் 25 மைக்ரானும் அதற்குக் கீழும் வழக்கமாயின. இதன் பொருளை ஒரு சிறு கணக்கு காட்டும். நாஃபியானில் 1100 கிராமுக்கு ஒரு மோல் அமிலத் தொகுதி. 25 மைக்ரான் சவ்வில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஏறத்தாழ 5 மில்லிகிராம் எடை, அதில் 4.5 மைக்ரோமோல் அமிலத் தொகுதி. ஈரிணைதிற இரும்பு அவ்வளவையும் நிரப்ப 0.13 மில்லிகிராம் போதும். இருபதில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்க வெறும் 6 மைக்ரோகிராம். 175 மைக்ரான் சவ்வோ இதைப்போல் ஏழு மடங்கு தாங்கியிருக்கும். மெலிந்த சவ்வு மின்தடையைக் குறைத்தது. மாசைத் தாங்கும் இருப்பையும் அதே விகிதத்தில் குறைத்தது. வாயுக் கசிவு கூடியதால் பெராக்சைடும் கூடியது. இந்த மூன்றும் ஒரே முடிவின் விளைவுகள் என்பது அக்கால வடிவமைப்புக் கட்டுரைகளில் சேர்த்துப் பேசப்படவில்லை.

அயனி எங்கே நிற்கிறது

கடத்துதிறன் பற்றிய அளவீடுகளில் நிலையான அடித்தளத்தை இட்டவர் ஜப்பானின் தத்சுஹிரோ ஒகாடா. அதற்கு முன் 1991இல் லாஸ் அலமோசின் ஸ்பிரிங்கர், ஸவோட்ஸின்ஸ்கி, காட்டஸ்ஃபெல்ட் மூவரும், சவ்வின் ஒவ்வோர் அமிலத் தொகுதிக்கும் எத்தனை நீர் மூலக்கூறுகள் என்ற எண்ணே கடத்துதிறனை ஆள்கிறது என்று நிறுவியிருந்தார்கள்: நீரில் மூழ்கிய சவ்வில் 22, நிறைவுற்ற நீராவியில் 14. ஒகாடா குழு 1990களின் பிற்பகுதியிலிருந்து புரோட்டானும் கால்சியமும், புரோட்டானும் இரும்பும் என இருவகை அயனிகள் கலந்த சவ்வுகளைத் தயாரித்து நீரின் ஓட்டத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்தது. அயல் அயனி நுழைந்தால் புரோட்டானுக்குப் பாதை குறைவதோடு, சவ்வு வைத்திருக்கும் நீரின் அளவும், மின்னோட்டத்தோடு இழுபடும் நீரின் அளவும் மாறுகின்றன. கலத்தின் ஒருபுறம் வறள்கிறது. பிளாட்டினமும் நாஃபியானும் தொடும் எல்லையில் ஆக்சிஜன் ஒடுக்க வினையே மந்தமாகிறது என்பதையும் அக்குழு இரும்பு, நிக்கல், செம்பு அயனிகளைக் கொண்டு காட்டியது.

இவையெல்லாம் அயனி சவ்வெங்கும் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டு செய்த அளவீடுகள். இயங்கும் கலத்தில் நிலைமை வேறு. மின்னோட்டம் பாயும்போது நேரயனிகள் எல்லாமே ஹைட்ரஜன் முனையிலிருந்து ஆக்சிஜன் முனை நோக்கித் தள்ளப்படுகின்றன. புரோட்டான் அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகி மறைந்துவிடுகிறது. கால்சியத்துக்கும் சோடியத்துக்கும் அங்கே செய்ய வினை எதுவும் இல்லை. போன இடத்திலேயே குவிகின்றன. பின்னோக்கிப் பரவும் வேகமும் மின்புலம் தள்ளும் வேகமும் சமமாகும்வரை குவியல் வளர்கிறது. 2008இல் வெபரும் டெலகூரும், 2009இல் கீனிட்ஸ், பாஸ்கரன், ஸவோட்ஸின்ஸ்கி ஆகியோரும் வெளியிட்ட கணித மாதிரிகள் இதைத் துல்லியப்படுத்தின. சராசரியாகச் சவ்வின் சிறு பங்கு மட்டுமே மாசுபட்டிருந்தாலும், ஆக்சிஜன் முனையின் விளிம்பில் புரோட்டானே இல்லாத பட்டை உருவாகிவிடலாம். அதற்குமேல் மின்னோட்டத்தைக் கூட்ட முடியாது.

இந்தத் துறையின் மிக அழகான சிந்தனைத் திருப்பம் இதுதான் என்பேன். சாதாரணத் தடை அளவீட்டில் நலமாகத் தெரிந்த கலம், வண்டி மேடேறும்போது மட்டும் ஏன் தளர்கிறது என்ற புதிருக்கு இங்கேதான் விடை கிடைத்தது. குறைந்த மின்னோட்டத்தில் அயனிகள் பரவலாக இருக்கின்றன, கூடுதல் மின்னோட்டம் கேட்கும்போது குவிகின்றன, நிறுத்தியதும் கலைகின்றன. 2011இல் ஃபோர்டு நிறுவனத்தைச் சேர்ந்த சூலெக்கும் உடனாளர்களும் இயங்கும் கலத்துக்குள் உலோக அயனிகளைச் செலுத்திப் பார்த்தபோது, இரும்பு, நிக்கல், குரோமியத்தைவிட அலுமினியமே திறனை மிகுதியாகக் குறைத்தது. ஃபென்டன் வினையில் அலுமினியத்துக்குப் பங்கில்லை. சவ்வை அரிக்கும் உலோகமும் கலத்தை மந்தப்படுத்தும் உலோகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பழுதுபார்ப்பு ஏன் கடினம் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஆய்வகத்தில் சவ்வை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தால் பெரும்பாலான அயனிகள் வெளியேறிப் புரோட்டான் திரும்பி வரும். நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கி இறுக்கிய பின் அந்த வாய்ப்பு இல்லை.

பெராக்சைடு பற்றிய வழக்கும் சீரியமும்

லகோன்டியின் விளக்கம் கேள்விக்கு உள்ளானதும் இதே ஆண்டுகளில்தான். 2006இல் மித்தல், குன்ஸ், ஜேம்ஸ் ஃபென்டன் ஆகியோர், சிதைவில் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு உண்மையில் பங்கு உண்டா என்ற வினாவையே தலைப்பாக வைத்து எழுதினார்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன், பிளாட்டினம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தாலே தாக்கும் தனியுறுப்புகள் நேரடியாக உண்டாகின்றன. பெராக்சைடு நடுவில் வந்து இரும்பு அதை உடைக்க வேண்டிய அவசியமில்லை என்பது அவர்கள் நிலை. ஜெனரல் மோட்டார்சின் ஃபிராங்க் காம்ஸ் 2008இல், வறண்ட நிலையில் வேறு தனியுறுப்புப் பாதைகளும் திறக்கின்றன என்று வாதிட்டார். மறுபுறம், 2006இலேயே கினுமோட்டோவும் உடனாளர்களும் பெராக்சைடு கரைசலில் செய்த சோதனைகளில், இரும்பும் செம்பும் இருந்தால் நாஃபியானின் சிதைவு வெகுவாகக் கூடுவதைக் காட்டியிருந்தார்கள்.

இரு தரப்புச் சான்றுகளையும் எடைபோட்டால், இரும்பு இல்லாமலும் சவ்வு சிதையும், இரும்பு வந்தால் சிதைவு விரைவுபடும் என்று கொள்வதே பொருந்துகிறது. ஃபென்டன் சோதனையில் மட்டும் தேறிய சவ்வை நம்பிக் கலம் கட்டுவது ஆபத்து என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது. பீக்கரில் இரும்பு மிகுதி, நீர் மிகுதி. கலத்தின் உள்ளே இரண்டும் குறைவு, பிளாட்டினமோ மிக அருகில்.

இந்த வழக்கு தீர்வதற்கு முன்பே, 2008இல், இன்னொரு உலோகம் சவ்வுக்குள் நுழைந்தது. இம்முறை வேண்டுமென்றே. ஜெனரல் மோட்டார்சில் காம்ஸ் குழு சீரியம், மாங்கனீசு அயனிகளைச் சவ்வில் ஏற்றி, ஃபுளூரைடு வெளியேற்றம் பன்மடங்கு குறைவதைக் கண்டது. ஆசாஹி கிளாசின் எண்டோவும் அதே ஆண்டில் நீடித்துழைக்கும் சவ்வுகளைப் பற்றி எழுதினார். சிகாகோவில் விஜய் ராமணியின் குழு சீரியம் ஆக்சைடு நுண்துகளைச் சேர்த்துச் சிதைவைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது.

இரும்பு கெடுத்ததைச் சீரியம் எப்படிக் காத்தது? இரண்டும் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் உலோகங்களே. ஆனால் ஃபெரிக்–ஃபெரஸ் மாற்றத்தின் மின்னழுத்தம் 0.77 வோல்ட், சீரியத்துக்கு அது ஏறத்தாழ 1.7 வோல்ட். ஃபெரஸ் அயனி எளிதில் எலக்ட்ரானைத் தந்து பெராக்சைடை உடைத்துவிடும். மூவிணைதிறச் சீரியம் எலக்ட்ரானை அவ்வளவு இறுகப் பிடித்திருப்பதால் பெராக்சைடுக்குத் தராது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு போன்ற மூர்க்கனுக்கு மட்டுமே தரும். தந்தவுடன் தனியுறுப்பு நீராகிவிடுகிறது. நாலிணைதிறமான சீரியத்தைச் சுற்றியுள்ள பெராக்சைடே பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் ஒரு சீரிய அயனி திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. நெடுங்காலமாக வெளியே நிறுத்த முயன்ற அயல் நேரயனிகளில் ஒன்றே காவலாக அமர்ந்தது.

இதற்குக் கொடுக்கும் விலையும் பழைய விலைதான். ஒரு சீரிய அயனி மூன்று அமிலத் தொகுதிகளைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் கடத்துதிறன் குறைகிறது. மின்னோட்டம் பாயும்போது அதுவும் ஆக்சிஜன் முனைக்கு நகர்கிறது. ஆண்ட்ரூ பேக்கரும் லாஸ் அலமோஸ், டெலவேர் ஆய்வாளர்களும் 2010களின் நடுப்பகுதியில் செய்த ஆய்வுகள், சீரியம் சவ்வை விட்டு வினையூக்கி அடுக்குகளுக்குப் போய்விடுவதைக் காட்டின. ஈரமான பகுதிக்கும் வறண்ட பகுதிக்கும் இடையே, வெளியேறும் நீரோடு கலத்துக்கு வெளியே என்று அதன் நகர்வுகள் பலவகை. கால்சியத்துக்காக எழுதிய அதே சமன்பாடுகள் இப்போது சீரியத்துக்கும் பயன்படுகின்றன.

காருக்கு 5,000 மணி நேர ஆயுள் போதும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை நெடுங்காலம் இலக்கு வைத்திருந்தது. கனரக லாரிக்கு அது பின்னர் வைத்த இலக்கு 25,000 மணி. அவ்வளவு காலம் சீரியத்தைச் சவ்வின் நடுவிலேயே நிறுத்திவைக்க, அதைக் கரிம வளையங்களில் கோத்துப் பாலிமரோடு கட்டுவதும், ஆக்சைடு துகளாகப் பதித்து மெல்லக் கரையவிடுவதும் இன்று சோதிக்கப்படுகின்றன. எஃகுத் தட்டின் பூச்சிலிருந்து இரும்பு கசியும் வேகமும் சீரியம் வெளியேறும் வேகமும் ஒரே சவ்வில், ஒரே காலக்கோட்டில் சேர்த்து அளக்கப்பட வேண்டும். தனித்தனி ஆய்வகங்களில் தனித்தனி மாதிரிகளில் எடுத்த எண்களைக் கூட்டி அந்த ஆயுளைக் கணக்கிட முடியாது.